பழியைச் சுமந்து புகழை வென்ற கோல் காவலர்

கால்பந்து ஆட்டத்தில் ஒரு கட்சிக்குப் பதினொரு பேர். அவர்களில் பத்துப் பேர் மைதானம் முழுவதும் ஓடி ஆடுவார்கள். ஒருவர் மட்டும் கோல் வாசலில் நிற்பார். அவர்தான் கோல் கீப்பர்.

மற்றவர்களுக்கு இல்லாத ஓர் உரிமை அவருக்கு உண்டு. தன் எல்லைக்குள் அவர் பந்தைக் கையால் பிடிக்கலாம். மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லையும் அவருக்கு உண்டு. முன்னணி ஆட்டக்காரர் ஒன்பது தடவை குறி தவறிவிட்டுப் பத்தாவது தடவை கோல் போட்டால், ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். கோல் கீப்பர் ஒன்பது தடவை பந்தைத் தடுத்துவிட்டுப் பத்தாவது தடவை கோட்டை விட்டால், விட்ட பந்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சாக இருக்கும்.

அந்த இடத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நின்றவர் லெவ் யாஷின். ருஷிய நாட்டவர். உலகம் கண்ட கோல் கீப்பர்களில் முதல்வர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் பெயர் அவருடையது. 1956-ம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வரும் தங்கப் பந்துப் பரிசை எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அதைப் பெற்ற கோல் கீப்பர் யாஷின் ஒருவர்தான்.

அந்தப் பரிசு கைக்கு வருவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பு, அவருடைய சொந்த ஊரிலேயே அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். ஏன் உடைத்தார்கள்? பிறகு எப்படி எழுந்து நின்றார்? அந்தக் கதைதான் இது.

தொழிலாளியின் மகன்

1929-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, மாஸ்கோ நகரில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் லெவ் பிறந்தான். தந்தை இவான் யாஷின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லெவ் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் காலமானார். தந்தை மறுமணம் செய்துகொண்டார்.

தெருவும், வீட்டுக்குப் பின்புறம் இருந்த திறந்த வெளியும்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மைதானம். கோடையில் பந்து. குளிர்காலத்தில் உறைந்த பனியின் மேல் சறுக்கு விளையாட்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தெருவே கதியென்று கிடப்பது போல அவர்களும் கிடந்தார்கள்.

1941-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனி, ருஷியா மீது படையெடுத்தது. அப்போது லெவுக்குப் பதினொரு வயது. எதிரி மாஸ்கோவை நோக்கி வந்துகொண்டிருந்தான். நகரில் இருந்த தொழிற்சாலைகளை இயந்திரங்களோடும் ஆட்களோடும் ரயிலேற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். லெவின் தந்தை வேலை பார்த்த தொழிற்சாலையும் வோல்கா நதிக்கரையில் உள்ள உல்யானோவ்ஸ்க் பக்கம் போயிற்று. குடும்பமும் கூடவே போயிற்று.

ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இயந்திரங்களின் முன்னால் நிற்க ஆள் இல்லை. பதினான்கு வயதளவில் லெவும் பள்ளிப் படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தான். பெரியவர்கள் செய்யும் வேலையைச் செய்தான். சாப்பாடு அரை வயிற்றுக்குத்தான். அந்த நாளில் கெட்டுப்போன வயிறு கடைசிவரை அவரை வாட்டியது. இரவு வேலையில் தூக்கம் வராமலிருக்கப் பழகிய புகையும் கடைசிவரை அவரை விடவில்லை.

போர் முடிந்தபோது, தொழிற்சாலையில் அரும்பாடுபட்டு உழைத்தவர்களுக்குச் சர்க்கார் பதக்கம் வழங்கியது. அதைப் பெற்றவர்களில் அந்தப் பையனும் ஒருவன். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பதக்கம் பந்து விளையாடிக் கிடைத்ததல்ல. உழைத்துக் கிடைத்தது.

மனம் சோர்ந்த வாலிபர்

மாஸ்கோவுக்குத் திரும்பியும் தொழிற்சாலை வேலைதான். வீடு நகரின் ஒரு கோடி. தொழிற்சாலை மறு கோடி. விடியுமுன் எழுந்து, டிராமிலும் சுரங்க ரயிலிலும் மாறி மாறிப் போக வேண்டும். இருட்டிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். இப்படியே ஆண்டுகள் ஓடின.

பதினெட்டு வயதில் ஒரு நாள் அவருக்கு எல்லாமே வெறுத்துப் போயிற்று. உடம்பில் நோய் இல்லை. மனம் ஓய்ந்து போயிற்று. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டையும் விட்டு வெளியேறினார். குழந்தைப் பருவத்தைப் போர் விழுங்கிவிட்டது. அதன் வலி அப்போதுதான் வெளியே வந்தது.

ஆனால் அந்நாளைய சட்டம் கடுமையானது. காரணம் சொல்லாமல் வேலைக்கு வராதவர்களைத் தண்டிக்க அதில் இடம் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்துவிடு என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். யாஷின் அப்படியே செய்தார். அதுவே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

பட்டாளத்தில் பந்தாட்டம் உண்டு. நெட்டையான உடம்பு, நீண்ட கைகள், சட்டென்று பாயும் வேகம் எல்லாம் அவரிடம் இருந்தன. அதனால் கோல் வாசலில் நிறுத்தினார்கள். 1949-ம் ஆண்டில் மாஸ்கோ டைனமோ சங்கத்தின் பயிற்சியாளர் அர்காடி செர்னிஷோவ் கண்ணில் பட்டார். டைனமோ என்றால் அந்நாட்டின் பெரிய கோஷ்டிகளில் ஒன்று. அங்கே இளைஞர் கோஷ்டியில் யாஷினுக்கு இடம் கிடைத்தது.

முதல் பந்தயத்தில் அவமானம்

டைனமோவின் கோல் கீப்பர் அப்போது அலெக்சி கோமிச். 1945-ல் பிரிட்டனுக்குப் போய் ஆடியபோது, அவருடைய பாய்ச்சலைப் பார்த்து ரசிகர்கள் அவருக்குப் புலி என்று பட்டம் சூட்டினார்கள். அந்தப் புலியின் நிழலில்தான் யாஷின் தொழில் பழகினார்.

1950-ம் ஆண்டு வசந்த காலத்தில், ஸ்டாலின்கிராட் கோஷ்டியோடு ஒரு பயிற்சிப் பந்தயம். யாஷின் கோல் வாசலில் நின்றார். எதிர்க்கட்சி கோல் கீப்பர் பந்தை ஓங்கி உதைத்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. யாஷின் பந்தின் மேலேயே கண்ணை வைத்து ஓடினார். முன்னால் நின்ற தன் கட்சி ஆட்டக்காரரைப் பார்க்கவில்லை. இருவரும் மோதிக்கொண்டார்கள். பந்து துள்ளி வலைக்குள் போய்விட்டது. ஒரு கோல் கீப்பர் உதைத்த பந்து அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து கோலாகிவிட்டது! பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அதே ஆண்டு கோடையில், பெரும் பகைவரான ஸ்பார்ட்டக் கோஷ்டியுடன் பந்தயம். டைனமோ ஒரு கோல் முன்னால் இருந்தது. கோமிச்சுக்கு அடிபட்டதால் யாஷின் உள்ளே அனுப்பப்பட்டார். மறுபடியும் தன் கட்சி ஆட்டக்காரரோடு மோதிக்கொண்டார். மறுபடியும் பந்து வலைக்குள் போயிற்று. வெற்றி கைநழுவிச் சமநிலை ஆயிற்று. அடுத்து டிபிலிசி நகரில் கிடைத்த வாய்ப்பில் நான்கு கோல் விட்டார். டைனமோ ஐந்து கோல் போட்டதால் எப்படியோ தப்பித்தது.

அதோடு அவரை இரண்டாவது கோஷ்டிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

வேறொருவராக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார். யாஷின் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் பயிற்சிக்கு வந்தார். எல்லோரும் போன பிறகும் பந்தைப் பிடித்துப் பழகினார்.

பனித் தரையில் கற்ற பாடம்

ருஷியாவில் குளிர்காலம் நீளம். மைதானங்கள் பனியில் மூடிக்கிடக்கும்போது ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள். காலில் சறுக்குக் கத்தி கட்டிய செருப்பு; கையில் வளைந்த மட்டை; பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. அந்த வட்டு துப்பாக்கிக் குண்டு போலச் சீறி வரும்.

டைனமோவின் ஐஸ் ஹாக்கிக்கும் செர்னிஷோவ்தான் பயிற்சியாளர். அவர் யாஷினை அங்கேயும் வலைக்கு முன்னால் நிறுத்தினார். சின்ன வலை, சின்ன வட்டு, கண்மூடித் திறப்பதற்குள் பாயும் வேகம். அடிப்பவனின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே வட்டு எந்தப் பக்கம் வரும் என்று கணிக்க வேண்டும். இந்தப் பழக்கம் பிற்காலத்தில் கால்பந்தில் அவருக்குக் கை கொடுத்தது.

1953-ல் டைனமோ ஐஸ் ஹாக்கிக் கோப்பையை வென்றது. வலையைக் காத்தவர் யாஷின். அதே ஆண்டு கோமிச் கோஷ்டியை விட்டு விலகினார். கால்பந்து கோல் வாசல் காலியாயிற்று. யாஷின் அங்கே வந்து நின்றார். அந்த ஆண்டே கால்பந்துக் கோப்பையும் டைனமோவுக்குக் கிடைத்தது. ஹாக்கியா, கால்பந்தா என்ற கேள்வி வந்தபோது கால்பந்தையே தேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் வேறு கோஷ்டிக்குப் போகவே இல்லை. ஓய்வு பெறும் வரை டைனமோதான் அவருக்குத் தாய் வீடு.

1954 செப்டம்பரில் நாட்டின் கோஷ்டியில் இடம் கிடைத்தது. சுவீடனுடன் முதல் ஆட்டம். அவர் ஒரு கோலும் விடவில்லை. ருஷியர்கள் 7 கோல் போட்டு வென்றார்கள்.

மெல்போர்னில் தங்கம்

1956-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. நம் இந்தியக் கால்பந்துக் கோஷ்டி அரை இறுதி வரை போய் நான்காவது இடம் பெற்றது அந்த ஒலிம்பிக்கில்தான். அரை இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்த யூகோஸ்லாவியாவும் ருஷியாவும் இறுதிப் பந்தயத்தில் சந்தித்தன. ருஷியர்கள் ஒரே ஒரு கோல் போட்டார்கள். யாஷின் ஒரு கோலும் விடவில்லை. தங்கப் பதக்கம் கிடைத்தது.

கோஷ்டி கப்பலேறி விளாடிவாஸ்டாக் துறைமுகம் வந்து, அங்கிருந்து ரயிலில் சைபீரியாவைக் கடந்து மாஸ்கோ போயிற்று. கூட வந்த ஆட்டக்காரர் சிமோனியன் பின்னாளில் சொன்ன செய்தி இது. வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். தாடி வைத்த ஒரு கிழவர் பெட்டிக்குள் ஏறி, யாஷின் யார் என்று விசாரித்தார். யாஷின் எழுந்து வந்தார். கிழவர் ஒரு பை சூரியகாந்தி விதையை எடுத்து நீட்டினார். நம் ஊரில் வேர்க்கடலை கொறிப்பது போல அங்கே அதைக் கொறிப்பார்கள். தன்னிடம் இருப்பது இவ்வளவுதான் என்று சொல்லி, அவர் முன் மண்டியிட்டு நன்றி சொன்னார் அந்தக் கிழவர்.

ஜனங்களின் அன்பு அப்படி இருந்தது. அதே ஜனங்களின் கோபம் எப்படி இருக்கும் என்பதை ஆறு ஆண்டுகள் கழித்து யாஷின் கண்டார்.

புது வழி கண்டவர்

அவருக்கு முன்னாலும் நல்ல கோல் கீப்பர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பலர் கோல் கோட்டை விட்டு அதிகம் நகர மாட்டார்கள். வருகிற பந்தைத் தடுப்பதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருப்பார்கள்.

யாஷின் அப்படி நிற்கவில்லை. எதிரி பந்தோடு வருவது தெரிந்தால் முன்னே ஓடி வந்து வழி மறிப்பார். தன் எல்லையைத் தாண்டி வந்து காலால் உதைத்து அனுப்புவார். சில சமயம் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையால் பந்தை முட்டி அனுப்புவார். பிடிக்க முடியாத பந்தை முஷ்டியால் குத்தித் தள்ளுவார். பிடித்த பந்தை வைத்துக்கொண்டு நேரம் போக்க மாட்டார். ஓடத் தயாராக இருக்கும் தன் ஆளைப் பார்த்துக் கையாலேயே வீசி எறிவார். தடுத்த மறு நிமிஷம் எதிரி கோலை நோக்கித் தாக்குதல் தொடங்கிவிடும்.

வாயும் சும்மா இருக்காது. முன்னால் நிற்கும் காவல் ஆட்டக்காரர்களுக்கு ஓயாமல் குரல் கொடுப்பார். யார் எங்கே நிற்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். மைதானம் முழுவதையும் பார்க்கக்கூடியவர் கோல் கீப்பர் ஒருவர்தானே?

இன்று தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சாதாரணமாகத் தோன்றும். அந்நாளில் இது புதுமை. கறுத்த உடையும் எல்லாப் பக்கமும் நீளும் கைகளும் கண்டு, வெளிநாட்டு ரசிகர்கள் அவருக்குக் கறுப்புச் சிலந்தி என்று பெயர் வைத்தார்கள்.

1958-ல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பையில் ருஷியா முதல் தடவையாகக் கலந்துகொண்டது. பிரேசில் நாட்டின் பெலேயும் கரிஞ்சாவும் உலகக் கோப்பையில் முதன்முதலாக ஆடிய பந்தயம் யாஷினுக்கு எதிராகத்தான். 2 கோலில் பிரேசில் வென்றது. யாஷின் தடுக்காமல் இருந்தால் இன்னும் பல கோல் விழுந்திருக்கும் என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். 1960-ல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை முதன்முதலாக நடந்தது. பாரிஸ் நகரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ருஷியா 2-1 என்று யூகோஸ்லாவியாவை வென்றது. யாஷின் புகழ் உச்சிக்கு ஏறியது.

சிலி நாட்டில் நேர்ந்த சோதனை

1962-ம் ஆண்டு உலகக் கோப்பை தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்தது. ஐரோப்பாவின் கோப்பையை வென்ற கோஷ்டி அல்லவா? ருஷிய ஜனங்கள் பெரிய நம்பிக்கையோடு காத்திருந்தார்கள்.

ஜூன் 3-ந் தேதி கொலம்பியாவுடன் பந்தயம். கொலம்பியா உலகக் கோப்பைக்குப் புதிய நாடு. ருஷியா 4-1 என்று முன்னால் இருந்தது. வெற்றி முடிந்த காரியம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்போது கொலம்பியாவுக்கு ஒரு கார்னர் உதை கிடைத்தது. மார்க்கோஸ் கோல் என்ற ஆட்டக்காரர் உதைத்தார். பந்து தாழ்வாக வந்து, கம்பத்தின் அருகே தரையில் குதித்தது. அங்கே நின்ற காவல் ஆட்டக்காரர் தடுக்கவில்லை. யாஷினும் தடுக்கவில்லை. பந்து நேரே வலைக்குள் போய்விட்டது. கார்னரிலிருந்து உதைத்த பந்து, யார் மேலும் படாமல் கோலாவது உலகக் கோப்பையில் அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகும் அப்படி ஒரு கோல் ஆடவர் உலகக் கோப்பையில் விழவில்லை.

அதோடு ருஷியர்கள் கலங்கிப் போனார்கள். இன்னும் இரண்டு கோல் விழுந்தது. பந்தயம் 4-4 என்று முடிந்தது.

அடுத்துக் கால் இறுதி. ஜூன் 10-ந் தேதி, அரிக்கா நகரில், போட்டியை நடத்தும் சிலி நாட்டோடு ஆட்டம். மைதானம் முழுவதும் சிலி ஜனங்களின் கூச்சல். முதலில் ஒரு ஃப்ரீ கிக் கோலாயிற்று. பிறகு வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து ஒன்று உள்ளே போயிற்று. 2-1 என்று ருஷியா தோற்று வெளியேறியது.

கல் விழுந்த வீடு

அந்தக் காலத்தில் சிலியில் நடந்த ஆட்டத்தை மாஸ்கோவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. பத்திரிகையில் வந்ததுதான் செய்தி. தோல்விக்குக் காரணம் யாஷின் என்று பத்திரிகையில் வந்தது. அவருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் கையும் தளர்ந்துவிட்டன, இனி அவர் காலம் முடிந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் எழுதினார்கள்.

ஆட்டத்தைக் கண்ணால் காணாத ஜனங்கள் அதை அப்படியே நம்பினார்கள். நான்கு கோல் போட்டவர்கள் பிறகு ஏன் ஓய்ந்துபோனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முன்னால் நின்ற காவல் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. பதினொரு பேரின் தோல்வி ஒருவர் தலையில் விழுந்தது.

யாஷின் மாஸ்கோ மைதானத்தில் கால் வைத்ததும் விசில் கிளம்பியது. ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று கூச்சலிட்டார்கள். பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் கேலி செய்தார்கள். ஏச்சுக் கடிதங்கள் வந்தன. வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். அந்த வீட்டுக்குள் அவர் மனைவி வாலெந்தினாவும் சின்னப் பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

யாஷின் பதில் பேசவில்லை. சக ஆட்டக்காரர் ஒருவர் மேலும் பழி போடவில்லை. கோல் விழுந்தால் கோல் கீப்பர் வருந்தத்தான் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் உள்ளுக்குள் உடைந்து போனார். ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று கூட யோசித்தார். வயது 32 முடிந்திருந்தது. பதக்கம், பட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. விட்டுவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

டைனமோ பயிற்சியாளர் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கொஞ்ச காலம் ஓய்வு கொடுத்தார். யாஷின் நகரை விட்டுக் கிராமப் பக்கம் போனார். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தார். மீன் பிடிப்பது அவருக்கு உயிர். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பதினெட்டு வயதில் மனம் ஓய்ந்தபோது அவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. இப்போது வீட்டில் வாலெந்தினா துணையாக இருந்தார். சில மாதங்களில் அவருக்குக் கை பரபரத்தது. மறுபடியும் பந்தைத் தொட வேண்டும் போல இருந்தது. திரும்பி வந்தார்.

தங்கப் பந்து

1963-ம் ஆண்டு. மாஸ்கோவில் விசிலடித்த அதே ரசிகர்கள் முன்னால் யாஷின் நின்றார். நாட்டுச் சாம்பியன் பந்தயங்களில் அந்த ஆண்டு 27 ஆட்டங்கள் ஆடினார். அவர் விட்டது மொத்தம் 6 கோல்தான். டைனமோ சாம்பியன் ஆயிற்று.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்துக்கு அந்த ஆண்டு நூறு வயது. அதைக் கொண்டாட லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒரு பந்தயம் ஏற்பாடு செய்தார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்து. மறு பக்கம் உலகத்தின் மற்ற நாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள். அந்த உலகக் கோஷ்டிக்குக் கோல் கீப்பராக யாரைக் கூப்பிட்டார்கள்? காலம் முடிந்துவிட்டது என்று எழுதப்பட்டாரே, அந்த யாஷினைத்தான்!

அக்டோபர் 23-ந் தேதி பந்தயம். யாஷினுக்கு 34 வயது நிறைந்த மறுநாள். இடைவேளை வரை அவர் கோல் வாசலில் நின்றார். இங்கிலாந்து ஆட்டக்காரர்கள், முக்கியமாகக் கிரீவ்ஸ், மாறி மாறி அடித்தார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. இடைவேளைக்குப் பின் யாஷின் இடத்தில் வேறொருவர் நின்றார். அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தால் கோல் போட முடிந்தது.

அடுத்த மாதம் ரோம் நகரில் இத்தாலியுடன் பந்தயம். இத்தாலிக்குப் பெனால்டி உதை கிடைத்தது. உதைக்க வந்தவர் பெயர் பெற்ற மட்சோலா. இத்தாலி ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். யாஷின் பந்து வந்த பக்கமே பாய்ந்து தடுத்துவிட்டார். பந்தயம் 1-1 என்று முடிந்து, ருஷியா அடுத்த சுற்றுக்குப் போயிற்று.

டிசம்பரில் செய்தி வந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார் என்று பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். யாஷினுக்கு 73 புள்ளிகள். இத்தாலியின் ரிவேராவுக்கு 55. இங்கிலாந்தின் கிரீவ்சுக்கு 50. தங்கப் பந்து யாஷினுக்குக் கிடைத்தது. அவர் கதை முடிந்தது என்று எழுதி ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது.

விடைபெற்ற நாள்

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1966-ல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் ருஷியா நான்காவது இடம் பெற்றது. உலகக் கோப்பையில் அந்த நாடு அடைந்த மிக உயர்ந்த இடம் அதுதான். 36 வயதில் கோல் வாசலில் நின்றவர் யாஷின். 1970-ல் மெக்சிகோ சென்ற கோஷ்டியிலும் இருந்தார், ஆனால் ஆடவில்லை. இளைஞர்களுக்குப் பக்கத்துணையாக இருந்தார்.

நாட்டுக்காக 74 பந்தயங்கள். டைனமோவுக்காகச் சாம்பியன் பந்தயங்களில் 326 ஆட்டங்கள். ஐந்து முறை நாட்டுச் சாம்பியன் பட்டம்.

1971-ம் ஆண்டு மே 27-ந் தேதி மாஸ்கோ லெனின் மைதானத்தில் அவருக்கு வழியனுப்பு விழா. சுமார் ஒரு லட்சம் பேர் கூடினார்கள். இங்கிலாந்தின் பாபி சார்ல்டன், ஜெர்மனியின் கெர்ட் முல்லர் முதலிய உலகப் புகழ் ஆட்டக்காரர்கள் எதிரே நின்று ஆடினார்கள். யாஷின் நின்றவரை ஒரு கோலும் விழவில்லை. பாதி ஆட்டத்தில் தன் கையுறைகளைக் கழற்றி, பில்குய் என்ற இளம் கோல் கீப்பரிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். ஒரு லட்சம் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விசிலடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

கடைசி நாட்கள்

ஓய்வு பெற்ற பிறகும் டைனமோ சங்கத்திலேயே வேலை பார்த்தார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. போர்க்காலத்தில் பழகிய புகை, கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைப் பாழாக்கும் என்று இன்று எல்லா மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள். 1984-ல் அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. பந்தை உதைத்து வாழ்ந்தவருக்கு இதைவிடப் பெரிய துயரம் உண்டா? அதையும் பொறுத்துக்கொண்டார். ஊன்றுகோலோடு பந்தயம் பார்க்க வந்தார். 1989-ல் அவருடைய 60-வது ஆண்டைக் கொண்டாட, பல நாடுகளிலிருந்து பழைய ஆட்டக்காரர்கள் மாஸ்கோவில் கூடினார்கள்.

1990 மார்ச் மாதம் சர்க்கார் அவருக்குச் சோஷலிஸ்டு உழைப்பு வீரர் என்ற உயர்ந்த பட்டத்தை அளித்தது. தொழிற்சாலைப் பையனாக உழைப்புப் பதக்கத்தில் தொடங்கிய வாழ்க்கை, உழைப்பு வீரர் பட்டத்தில் முடிந்தது. சில நாட்களிலேயே, மார்ச் 20-ந் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். வயது 60.

அவர் ஆடிய சோவியத் யூனியன் என்ற நாடும் அடுத்த ஆண்டே கலைந்துவிட்டது. யாஷின் பெயர் கலையவில்லை. 2018-ல் ருஷியாவில் உலகக் கோப்பை நடந்தபோது, விளம்பரப் படத்தில் பந்தை நோக்கிப் பாயும் யாஷினைத்தான் வரைந்தார்கள். 2019 முதல், ஆண்டின் சிறந்த கோல் கீப்பருக்குத் தங்கப் பந்து விழாவில் தரும் பரிசுக்கு யாஷின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்த் தெருக்களில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது கவனித்துப் பாருங்கள். கோல் வாசலில் நிற்க யாரும் விரும்புவதில்லை. ஓடத் தெரியாத பையனைப் பிடித்து அங்கே நிறுத்துவார்கள். கோல் விழுந்தால் எல்லோரும் அவனைத் திட்டுவார்கள். அடுத்த முறை அப்படி ஒரு பையன் தலை குனிந்து வீட்டுக்கு வந்தால், யாஷின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். மூன்று தடவை அவமானப்பட்டவர், சொந்த ஊராரிடம் கல்லடி பட்டவர், யார் மேலும் பழி போடாமல் மறுநாளும் அதே இடத்தில் போய் நின்றார் என்று சொல்லுங்கள். அவனைத் திட்டிய மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.